காத்திரு என்று யார் சொல்வது?

மூன்று வயது நிறைந்ததா, பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிடு என்கின்றனர் சிலர். ஓடி ஆடும் வயதில் அடைத்து வைக்காதே, ஐந்து வயதுவரை பொறு என்கின்றனர் வேறு சிலர். பெற்றோர் இடையில் நின்று திகைக்கின்றனர். எது சரி? பகுத்தறிவு வழி நிற்கும் நாம் வயதை மட்டும் பார்த்தால் போதாது. அந்த முடிவு யாருடைய நன்மைக்காக எடுக்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

அன்று பஞ்சாங்கம் முடிவு செய்தது. விஜயதசமியன்று அரிசியைப் பரப்பி, குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைத்தால் கல்வி பெருகும் என்றனர். அந்த அரிசித் தட்டின் அருகே எத்தனை சாதிப் பிள்ளைகளுக்கு இடமிருந்தது? பள்ளிக்கு வந்தவர்களையேனும் முறையாக அளந்தனரா? கையைத் தலைக்குமேல் வளைத்து மறுபக்கத்துக் காதைத் தொடு. தொட்டால் ஐந்து வயது!

இன்று பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது. ஆனால், பஞ்சாங்கத்தின் இடத்தில் பக்கத்து வீடு வந்து அமர்ந்துகொண்டது. அந்த வீட்டுப் பிள்ளை ஆங்கிலப் பாட்டு ஒப்பிக்கிறதே, நம் பிள்ளை பின்தங்கிவிடுமே என்ற அச்சம் ஆட்டிப் படைக்கிறது. அன்று குருட்டு நம்பிக்கை. இன்று குருட்டுப் போட்டி. இரண்டிலும் குழந்தையை எண்ணிப் பார்த்தவர் இல்லை.

கணக்கைப் பாருங்கள். சூலை 31-க்குள் மூன்று வயது நிறைந்தோரை ஒரே வகுப்பில் சேர்க்கிறோம். முந்தைய ஆண்டு ஆகஸ்டில் பிறந்த பிள்ளைக்கும் அடுத்த சூலையில் பிறந்த பிள்ளைக்கும் ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. நமக்கு ஓராண்டு சிறிது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது வாழ்ந்த வாழ்வில் மூன்றில் ஒரு பங்கு! விரலின் வலிவும் பேச்சின் தெளிவும் மாறுபடுவது இயற்கை. அந்த இயற்கைக்கு 'மக்கு' என்று பெயர் சூட்டுவது ஆசிரியர் இழைக்கும் அநீதி.

1837-இல் செர்மனி நாட்டில் ஃபிரோபெல் ஒரு நிலையம் தொடங்கினார். 1840-இல் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பொருள்படும் பெயரிட்டார். பந்தும் மரக்கட்டையும் பாட்டும் செடி வளர்ப்புமே அங்கே பாடம். நாத்திகம் வளர்கிறது என்று கூறி, 1851-இல் பிரஷ்ய அரசு அத்தகைய நிலையங்களைத் தடை செய்தது! 1860-இல்தான் தடை நீங்கியது. அந்தத் தோட்டத்தின் பெயரைப் பலகையில் எழுதிவிட்டு, உள்ளே மூன்று வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடமும் தேர்வும் வைப்பது என்ன நியாயம்? ஃபின்லாந்து நாட்டில் ஏழு வயதில்தான் முதல் வகுப்பு. அதனால் அந்நாட்டார் அறிவில் குறைந்துபோய்விடவில்லை.

அப்படியானால் எல்லோரும் காத்திருக்கலாமே என்பீர்கள். இங்கேதான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். 'காத்திரு' என்ற சொல்லை நம் மக்கள் நெடுங்காலம் கேட்டவர்கள். 1953-இல் இராசாசி ஆட்சி தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பெற்றோர் தொழிலைக் கற்கச் சொன்னது. பெரியாரும் அண்ணாவும் குலக்கல்வி என்று அதனை எதிர்த்தனர். 1954-இல் காமராசர் முதல்வரானபின் அது கைவிடப்பட்டது.

புத்தகமும் பாலும் கதை சொல்ல ஆளும் உள்ள வீட்டில் காத்திருப்பது இழப்பன்று. விடியுமுன் நடவுக்குப் போகும் தாயின் குழந்தை எங்கே காத்திருக்கும்? வரப்போரத்து மர நிழலில். இல்லையேல் எட்டு வயது அக்காளின் இடுப்பில். தம்பி வீட்டில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அக்காளின் பள்ளி நாள் பறிபோகிறது! 1975-இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டமும் 1982-இல் வந்த சத்துணவும் இத்தகைய பிள்ளைகளுக்கு உணவும் நிழலும் ஆயின. ஒரு முட்டையும் ஒரு கதையும் கிடைக்கும் இடத்துக்கு முன்கூட்டிச் செல்வது அவசரம் அன்று, உரிமை.

ஆனால், 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரைதான் உறுதியளிக்கிறது. அதற்குக் கீழ்ப்பட்ட வயதினருக்கு அரசு ஏற்பாடு 'செய்யலாம்' என்று நிறுத்திக்கொள்கிறது. 'செய்யலாம்' என்பது 'செய்ய வேண்டும்' ஆகும்வரை, பணமுள்ள வீடு தேர்ந்தெடுக்கும். பணமற்ற வீடு கிடைத்ததை ஏற்கும்.

எனவே நமது விடை இது. விளையாட்டுக்கும் உணவுக்கும் தோழமைக்கும் மூன்று வயது முந்தியதன்று. எழுத்துத் திணிப்புக்கும் தேர்வுக்கும் ஐந்து வயதுகூடப் பிந்தியதன்று. தாயைப் பிரிந்து சிறிது நேரம் இருக்குமா, தன் தேவையைச் சொல்லுமா என்று குழந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டைப் பார்த்து வேண்டாம்.

தோழர்களே! உங்கள் தெருவின் அங்கன்வாடிக்கு ஒரு நாள் சென்று பாருங்கள். கூரை ஒழுகுகிறதா, குடிநீர் உண்டா, விளையாட இடம் உண்டா என்று கேளுங்கள். இல்லையெனில், அது வரும்வரை ஓயாதீர்கள். காத்திருக்க வேண்டியது குழந்தையன்று.