எரிந்த வீடும் ஏதுப்போலியும்

ஒரு துறையைத் தாம் அறியாத நிலையில், அத்துறை வல்லாரின் சொல்லை ஒருவர் எந்த அடிப்படையில் ஏற்கலாம், எந்த எல்லைக்கு அப்பால் ஏற்கக் கூடாது என்பது அளவையியலின் பழைய வினாக்களுள் ஒன்று. அளவை என்பது அறிவை ஈட்டும் வழி. அவ்வழிகளைப் பத்து வரை விரித்தெண்ணும் மரபைச் சுட்டி, அவை யாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் வரையறுத்தார். காண்டல் புலன்வழி நேரே அறிவது; கருதல் அறிந்த ஒன்றைக் கொண்டு அறியாத ஒன்றை உய்த்துணர்வது; உரை நம்பத்தக்கார் சொல்லால் அறிவது. இம்மூன்றில் நீதிமன்றமும் காப்பீட்டு நிறுவனமும் பெரிதும் சார்ந்திருப்பது மூன்றாவதையே. தீர்ப்புச் சொல்பவர் தீப்பிடித்தபோது அங்கே இருந்ததில்லை. இழப்பீட்டுக் கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்யும் அலுவலர் பெரும்பாலும் அறிக்கையை மட்டுமே பார்க்கிறார். அந்த அறிக்கையைத் தருவது தடயப் பொறியியல், அதாவது எரிந்த வீடு, இடிந்த கட்டடம், முறிந்த இயந்திரப் பாகம் ஆகியவற்றின் எச்சங்களை ஆராய்ந்து, அழிவின் காரணத்தை வழக்குக்குப் பயன்படும் வகையில் எடுத்துரைக்கும் துறை.

அமெரிக்காவில் வழக்கறிஞர்களும் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளர்களும் தம் உரிமத்தைத் தக்கவைத்துக்கொள்ளத் தொடர்கல்வி பெற வேண்டும் என்பது பெரும்பாலான மாநிலங்களின் விதி. டெக்சாஸ் மாநிலத்தில் வழக்கறிஞருக்கு அது ஆண்டுக்கு 15 மணி நேரம். அந்த நேரத்தை நிரப்பும் பாடங்களுள் தீயின் தோற்றுவாய், ஆலங்கட்டி மழையால் கூரைக்கு நேரும் சேதம், அடித்தளம் அமிழ்தல் போன்ற தடயப் பொறியியல் பாடங்களும் உண்டு. இவற்றை உரிமத்துக்கான சடங்காகக் கருதுவோர் பலர். ஆனால் பிறருடைய உயிரையும் உடைமையையும் பற்றி முடிவெடுப்பவர், தாம் கேட்கும் சொல்லைச் சோதிக்கத் தெரியாதவராக இருப்பது அறத்தின்பாற்பட்ட குறை என்பதையும், அக்குறைக்கு எத்தகைய கல்வி மருந்தாகும் என்பதையும் ஒரு வழக்கு தெளிவாகவே காட்டுகிறது.

டெக்சாஸ் மாநிலத்தின் கோர்சிகானா நகரில் 1991 டிசம்பர் 23 அன்று ஒரு மரவீடு எரிந்து, மூன்று பெண் குழந்தைகள் இறந்தனர். தந்தையான கேமரன் டாட் வில்லிங்ஹாம் உயிர் தப்பினார். அவரே தீ வைத்தார் என்று குற்றம் சாட்டப்பட்டு, 1992இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. சிறைவாசி ஒருவரின் சாட்சியமும் அவருக்கு எதிராக இருந்தது என்றாலும், வழக்கின் முதுகெலும்பு தீப் புலனாய்வாளர்களின் கூற்றே. தரையில் குட்டை குட்டையாகக் கருகிய வடிவங்கள் இருந்தன. வாசற்படியருகே ஆழமான கருகல் இருந்தது. சன்னல் கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற நுண்விரிசல்கள் ஓடியிருந்தன. எளிதில் பற்றும் திரவத்தை ஊற்றிப் பற்றவைத்தால்தான் இவை தோன்றும் என்று அவர்கள் சான்றுரைத்தனர். அவர்கள் கண்ணால் கண்டது கருகலை மட்டுமே. ஊற்றியதை எவரும் காணவில்லை. கருதலால் பெற்ற ஒன்று காண்டலின் உறுதியோடு சொல்லப்பட்டது. கேட்டவர்களும் அதைக் காண்டலாகவே ஏற்றனர். எதிர்வாதத் தரப்பு தீயியல் வல்லுநர் ஒருவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றவில்லை.

அந்தக் கருதல் எங்கே பிழைத்தது என்பதை அறிய, மூடிய அறையில் தீ நடந்துகொள்ளும் விதத்தைச் சற்று அறிய வேண்டும். ஒரு சோபா எரியத் தொடங்கினால் சூடான புகையும் வாயுவும் மேலெழுந்து கூரையின்கீழ் ஓர் அடுக்காகத் திரள்கின்றன. அந்த அடுக்கின் வெப்பம் ஏறத்தாழ 600 பாகை செல்சியசை எட்டும்போது, அது கீழ்நோக்கி வீசும் கதிர்வெப்பத்தால் அறையிலுள்ள எரியத்தக்க பரப்புகள் அனைத்தும், தரைவிரிப்பு உட்பட, ஏறக்குறைய ஒரே நொடியில் பற்றிக்கொள்கின்றன. தீயணைப்புத் துறையினர் ஃபிளாஷோவர் என்று குறிப்பிடும் இந்நிலைக்குப் பிறகு, எரிபொருள் எங்கும் இருக்க, தீ எங்கே கடுமையாக எரியும் என்பதை முடிவு செய்வது காற்று வரும் வழி. கதவு, சன்னல் ஆகியவற்றின் அருகே உயிர்வளி கிடைப்பதால் அங்கே கருகல் ஆழமாகிறது. ஆகவே வாசற்படியருகே ஆழக் கருகிய தரை, அங்கே யாரோ திரவம் ஊற்றியதற்கும் அடையாளமாகலாம். யாரும் எதையும் ஊற்றாமல் காற்று மட்டும் புகுந்ததற்கும் அடையாளமாகலாம்.

இத்தகைய ஏதுவை இந்திய அளவையியல் நெடுங்காலத்துக்கு முன்பே இனங்கண்டு பெயரிட்டிருக்கிறது. ஏது என்பது ஒரு முடிவை நிறுவக் காட்டும் காரணம். நிறுவப்பட வேண்டிய தன்மை உள்ள இடம் சபக்கம், அது இல்லாத இடம் விபக்கம். நல்ல ஏது சபக்கத்தில் இருக்க வேண்டும். விபக்கத்தில் ஒருபோதும் இருக்கக் கூடாது. மணிமேகலையின் 29ஆம் காதை, ஏது போலத் தோன்றி ஏதுவாகாதவற்றை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூவகைப்படுத்துகிறது. இவற்றுள் அநைகாந்திகத்தின் முதல் வகையாகிய சாதாரணம், இரு பக்கத்துக்கும் பொதுவாகி நிற்கும் ஏது. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்று வாதிட்டால், அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் அழியாத ஆகாயத்துக்கும் ஒக்கும். ஆதலால் அந்த ஏது எதையும் நிறுவுவதில்லை. வாசற்படிக் கருகல் இதே சாதாரண அநைகாந்திகம். நியாய நூலார் இன்னும் ஒரு படி சென்று, உபாதி என்றொரு மறைந்த நிபந்தனையைத் தேடச் சொன்னார்கள்: நெருப்பு உள்ள இடமெல்லாம் புகை உண்டு என்பது தவறு, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டில் நெருப்பு உண்டு, புகை இல்லை, ஈர விறகு சேர்ந்தால்தான் புகை எழும், அந்த ஈர விறகே உபாதி. ஆழ்ந்த கருகலுக்கு உபாதி காற்று வரத்து. கோர்சிகானாவில் அதை எவரும் தேடவில்லை.

கண்ணாடி விரிசலின் கதை இதனினும் அழுத்தமானது. வில்லிங்ஹாம் வீடு எரிவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1991 அக்டோபரில், கலிபோர்னியாவின் ஓக்லாந்து குன்றுப் பகுதியில் பெருந்தீ பரவி ஆயிரக்கணக்கான வீடுகளை அழித்தது. அவற்றுள் 50 வீடுகளைத் தீப் புலனாய்வாளர் ஜான் லெண்டினியும் உடன் ஆய்வாளர்களும் கூர்ந்து நோக்கியபோது, 12 வீடுகளில் அதே நுண்விரிசல் கண்ணாடிகள் கிடந்தன. அந்த வீடுகள் காட்டுத்தீயில் எரிந்தவை, அவற்றுள் யாரும் திரவம் ஊற்றவில்லை. பின்னர் ஆய்வகத்தில் சோதித்தபோது, வேகமாகச் சூடேற்றிய கண்ணாடி அவ்வாறு விரியவில்லை. சூடான கண்ணாடி மீது தண்ணீர் பட்டதும் விரிந்தது. தீவைப்பின் கைரேகை என்று பல்லாண்டுகள் நம்பப்பட்ட அடையாளம், தீயணைப்போர் பாய்ச்சிய நீரின் அடையாளமாக இருந்திருக்கிறது. விபக்கத்தைச் சென்று பாருங்கள் என்ற பழைய விதியை ஒருமுறை கடைப்பிடித்ததும் அந்த நம்பிக்கை சரிந்தது. 1992இல் அமெரிக்கத் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம் 921 என்ற எண்ணுடைய வழிகாட்டி நூலின் முதல் பதிப்பை வெளியிட்டு, தீப் புலனாய்வு அறிவியல் முறையைப் பின்பற்ற வேண்டும் என்று அறிவித்தது. அவ்வழிகாட்டியைத் தொழிலர் பலர் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வில்லிங்ஹாம் வழக்கு விசாரணைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான்.

வல்லாரின் நேர்மையை இங்கே ஐயுற வேண்டியதில்லை. நியாய சூத்திரத்துக்கு உரை கண்ட வாத்ஸ்யாயனர், ஆப்தன் அதாவது நம்பத்தக்கவன் யார் என்பதற்கு, பொருளை நேரே அறிந்திருத்தலையும், அறிந்தவாறே உரைக்கும் விருப்பத்தையும் இலக்கணமாக வகுத்து, இது முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றார். குலமும் பதவியும் அந்த இலக்கணத்தில் இடம்பெறவில்லை என்பது கருதத்தக்கது. 2005இல் லாஸ் வேகாசில் தீப் புலனாய்வாளர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், இரண்டு அறைகளுக்குத் தீயிட்டு, ஃபிளாஷோவருக்குப் பின் ஏறத்தாழ இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்தனர். வந்திருந்த 53 பேரிடம், ஒவ்வோர் அறையையும் நான்காகப் பகுத்தால் தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று கேட்டபோது, ஒவ்வோர் அறைக்கும் சரியாகச் சொன்னவர் மூவர் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சுட்டியிருந்தாலும் ஏறத்தாழ 13 பேர் சரியாகச் சொல்லியிருப்பார்கள். உண்மையுரைக்கும் விருப்பத்தில் அவர்கள் எவரும் குறைந்தவரல்லர்; குறைந்தது முதல் இலக்கணம். நேர்மையான முகமும் நீண்ட அனுபவமும் கேட்பவரை எளிதில் நம்பவைக்கின்றன என்பதால், பொய்ச் சாட்சியைவிட இந்தக் குறையே கூடுதல் ஆபத்தானது. அதே வேளையில், அந்தச் சோதனை ஒரு தொடர்கல்வி வகுப்பிலேயே நிகழ்ந்தது என்பதும், வல்லுநர்கள் தம் அறியாமையை அங்கே எண்களாகவே கண்டார்கள் என்பதும் அக்கல்வியின் உண்மையான மதிப்பை உணர்த்துகின்றன.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1993இல் டாபர்ட் வழக்கில், அறிவியல் சாட்சியத்தை ஜூரியின் முன் அனுமதிக்குமுன் அதன் முறை சோதிக்கத்தக்கதா, பிழை வீதம் அறியப்பட்டதா என்றெல்லாம் நீதிபதியே ஆராய வேண்டும் என்றது. 1999இல் கும்ஹோ டயர் வழக்கில் அக்கடமை பொறியியல் முதலிய தொழில்நுட்ப அறிவுக்கும் பொருந்தும் என்று விரித்தது. இவ்விரண்டு தீர்ப்புகளும் கேட்பவரைச் சும்மா இருக்க விடவில்லை. உரை அளவை முழுமை பெறுவதில் கேட்பவருக்கும் பங்கு உண்டு என்பதே அவற்றின் உள்ளீடு. சோதனையின்றி ஏற்கப்பட்ட சொல் அறிவாக மாறுவதில்லை, கேட்டவர் மனத்தில் நம்பிக்கையாகவே தங்கிவிடுகிறது.

குற்ற வழக்கைவிடக் காப்பீட்டில் இதன் கூர்மை குறைந்தாலும், பரப்பு பெரிது. காப்பீடு எடுத்தவரே தீ வைத்தார் என்று நிறுவனம் வாதிட்டால், உரிமையியல் வழக்கில் அதற்கு ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பிப்பு தேவையில்லை. அவர் தீ வைத்திருப்பதற்கே வாய்ப்பு மிகுதி என்று காட்டினால் போதும். இந்தத் தாழ்ந்த வாயிலில் நெடுங்காலம் நுழைந்துவந்த வாதம் ஒன்று உண்டு: மின்கசிவு காரணமில்லை, அடுப்பு காரணமில்லை, சிகரெட் காரணமில்லை, ஆகவே யாரோ வைத்த தீயே. அளவைநூலார் ஒழிபு என்று எண்ணிய அளவையின் சாயல் இதில் உண்டு. ஒழிபு செல்லுபடியாக இரண்டு நிபந்தனைகள் வேண்டும்: இயலும் காரணங்கள் அனைத்தும் பட்டியலில் இருக்க வேண்டும், நீக்கப்பட்டவை ஐயமற நீக்கப்பட்டிருக்க வேண்டும். கரியாகிவிட்ட வீட்டில் இவ்விரண்டும் நிறைவேறுவது அரிது. சான்று அழிந்துபோனதை, சான்று இல்லை என்று படிப்பதே அங்கே நிகழ்கிறது. 921 வழிகாட்டியின் 2011ஆம் ஆண்டுப் பதிப்பு இம்முறை அறிவியல் முறைக்கு ஒவ்வாதது என்று வெளிப்படையாகக் கூறியது. கடன் தொல்லையில் இருந்தவர், அண்மையில் காப்பீட்டுத் தொகையை உயர்த்தியவர் என்ற செய்திகள் புலனாய்வாளரின் காதில் முன்கூட்டியே விழுந்திருந்தால், ஒழிந்து நிற்கும் ஒரே காரணம் எதுவாக இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வழக்கறிஞருக்கும் மதிப்பீட்டாளருக்கும் கற்பிக்க வேண்டியது எது என்பதில் தெளிவு வேண்டும். வெப்பப் பாய்வின் சமன்பாடுகள் அவர்களுக்குப் பயன்படா. அவற்றை 15 மணி நேரத்தில் கற்கவும் முடியாது. அவர்கள் கைக்கொள்ள வேண்டியது விபக்க வினா: இந்த அடையாளம், நீங்கள் சொல்லும் காரணம் இல்லாத இடத்தில் தோன்றியதுண்டா, அதை யார் எப்போது சோதித்தார்? அரைகுறை அறிவு தீங்கானது, வழக்கறிஞர் அதைக் கொண்டு நல்ல சாட்சியையும் குழப்புவார் என்ற எதிர்வாதம் வலுவானதே. எனினும் விபக்க வினா நல்ல சாட்சியைக் குலைப்பதில்லை. அதற்கு விடையைக் கையில் வைத்திருப்பவரே நல்ல சாட்சி. இதைவிடக் கடினமான இடர்ப்பாடு வேறொன்று. இப்பாடங்களை நடத்துவோரில் பலர் தடயப் பொறியியல் நிறுவனத்தார். வகுப்பில் அமர்ந்திருப்பவர் நாளை அவர்களைப் பணியமர்த்தப் போகிறவர். எவரை ஆராய வேண்டுமோ அவரிடமே ஆராயக் கற்பது என்ற இந்த முரண் முற்றிலும் நீங்க வழியில்லை. தம் துறை பிழைத்த இடங்களைப் பாடத்தின் நடுவில் வைக்கும் ஆசிரியரே அந்நிலையில் ஆப்தர். லாஸ் வேகாசின் மூவரையும் ஓக்லாந்தின் 12 வீடுகளையும் சொல்லாத வகுப்பு வணிக விளம்பரத்துக்கு அண்மையில் நிற்கிறது.

வில்லிங்ஹாமுக்கு எதிரான தீச் சான்றுகளுக்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று ஜெரால்டு ஹர்ஸ்ட் என்னும் அறிவியலாளர் எழுதிய அறிக்கை, தண்டனைக்குமுன் மாநில அதிகாரிகளிடம் சேர்ந்தது. ஆயினும் 2004 பிப்ரவரி 17 அன்று தண்டனை நிறைவேற்றப்பட்டது. டெக்சாஸ் தடய அறிவியல் ஆணையம் அமர்த்திய தீயியல் வல்லுநர் கிரெய்க் பெய்லர் 2009இல் அதே முடிவுக்கு வந்தார்; ஆணையம் 2011இல் தன் அறிக்கையில் தீப் புலனாய்வின் பயிற்சியையும் பழைய வழக்குகளின் மறு ஆய்வையும் வலியுறுத்தியது. 2013இல் டெக்சாஸ் இயற்றிய ஒரு சட்டப்பிரிவு, அறிவியல் மாறிவிட்டால் பழைய தண்டனையை எதிர்த்து மனுச் செய்யக் குற்றவாளிக்கு வழி திறந்தது. அப்பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. விரிந்த கண்ணாடியையும் கருகிய வாசலையும் காட்டி மறுக்கப்பட்ட இழப்பீட்டுக் கோரிக்கைகளுக்கு அது பொருந்தாது; அவற்றைத் திரும்ப எடுத்துப் பார்க்கும் பொறுப்பு, இன்று அதே நிறுவனங்களில் கோப்புகளைக் கையாண்டுகொண்டு, ஃபிளாஷோவர் பற்றிய வகுப்பில் அமர்ந்து எழுந்துவரும் மதிப்பீட்டாளரிடமும் வழக்கறிஞரிடமுமே இருக்கிறது.