எதை விடலாம்?

பண்ருட்டி பலா மண்டியில் நண்பர் ஒருவர் மடக்கினார். ‘‘சார், பையன் ப்ளஸ் ஒன். கணக்குல எந்தச் சாப்டரை விட்டா பரவாயில்லை?’’

விடுவது பாவமில்லை. எல்லாவற்றையும் யாராலும் படிக்க முடியாது. எதை வைத்து விடுகிறோம் என்பதுதான் கேள்வி.

ஒரு காலத்தில் பல தனியார் பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தையே விட்டுவிட்டு, இரண்டு வருஷமும் ப்ளஸ் டூ நடத்தின. கால்குலஸுக்கு அடித்தளமே ப்ளஸ் ஒன்னில்தான். பிள்ளைகள் மார்க் அள்ளினார்கள். காலேஜில் பலர் திணறினார்கள். 2017-18ல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 2025-26ல் ரத்தானது. இனி காவல், நம் மனசாட்சி மட்டும்தான்.

நான் பி.காம். ‘இறுதிநிலைச் செலவு’ என்று மனப்பாடம் செய்து மார்க் வாங்கினேன். உற்பத்தியில் ஒன்று கூடினால் செலவு எவ்வளவு கூடும் என்ற அந்தக் கணக்குக்குள் கால்குலஸ் ஒளிந்திருக்கிறது என்று தெரியவே இருபது வருஷம் ஆச்சு. யாரும் என்னை ஏமாற்றவில்லை. நானேதான்.

நண்பரிடம் சொன்னேன்: ‘‘மார்க்கைப் பார்த்து விட்டா, அது கேள்வித்தாள் எடுக்கறவர் முடிவு, பையன் முடிவு இல்லை. கிளையைக் கழிச்சுக்கலாம். லிமிட், டெரிவேட்டிவ் ரெண்டும் அடிமரம். அதுல கை வைக்காதீங்க.’’

சிரித்தார். ‘‘பலாவே அடிமரத்துலதானே சார் காய்க்குது!’’