கிரயமா, குத்தகையா?

நிலத்தைக் கிரயம் வாங்குவதற்கும் குத்தகைக்கு எடுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொங்கு நாட்டு மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கிரயம் செய்த நிலத்தை உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். குத்தகை நிலத்திலோ விளைச்சல் மட்டுமே நமது, நிலம் நமதன்று. இரண்டிலும் குற்றமில்லை. ஆனால், கிரயம் என்று சொல்லிப் பணம் பெற்றுக்கொண்டு குத்தகைச் சீட்டைக் கையில் கொடுத்தால் ஊர் அதற்கு வேறு பெயர் வைக்கும். இன்று நாம் காசு கொடுத்துப் பெறும் மின்னூல்கள் இவ்விரண்டில் எவ்வகையைச் சேர்ந்தவை?

2016 டிசம்பரில் அமேசான் நிறுவனம் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களுக்குத் தன் கிண்டில் கடையில் தனியிடம் அமைத்தது. கோவையில் ஒரே வீட்டில் தந்தை கிண்டிலில் வாங்கிய நூலை, மகள் தன் கைப்பேசியிலுள்ள கூகுள் வாசிப்புச் செயலியில் திறக்க இயலாது. மகள் கூகுளில் வாங்கிய பூட்டிட்ட நூலும் தந்தையின் கிண்டில் கருவியில் திறவாது. கோப்பின் வடிவம் கடைக்குக் கடை வேறுபடுவது ஒரு காரணம். பெரும்பாலான நூல்கள் மின்பூட்டு இடப்பட்டு, வாங்கியவரின் கணக்கோடு பிணைக்கப்பட்டிருப்பது முதன்மையான காரணம். அக்கணக்கைப் பிறருக்கு எழுதி வைக்கக் கடைகளின் விதிகள் பொதுவாக இடந்தருவதில்லை.

பூட்டின் சாவி யாரிடம் உள்ளது என்பதைச் சில நிகழ்ச்சிகள் காட்டியுள்ளன. 2009 ஜூலையில், உரிமையற்ற ஒருவர் விற்பனைக்கு ஏற்றியவை என்பதால், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரு நூல்களை வாங்கியோரின் கருவிகளிலிருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பித் தந்து, பின்னர் மன்னிப்பும் கேட்டது. 2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது, அங்கு வாங்கிய நூல்கள் யாவும் திறவாமற் போயின. விலை திரும்பக் கிடைத்தது. நூலில் குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் வழங்கப்பட்டது. ஒருவர் தம் சிந்தனைகளைக் குறித்து வைத்த பக்கங்களுக்கு அதுவே விலையாயிற்று. 2025 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், கொடுப்பது உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்குங்கள்' என்று விளம்பரம் செய்வது சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது. குத்தகையைக் குத்தகை என்றே சொல்ல வேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம்.

உடைமையைப் பற்றித் திருச்சபை கற்பிப்பது யாது? பொருளைத் தனதாக வைத்துப் பராமரிப்பது மனிதனுக்குத் தகும். ஆனால் அதைப் பயன்படுத்துகையில், தேவையுள்ளோரோடு பகிர ஆயத்தமாக, பொதுப்பொருள் போலவே கருத வேண்டும் என்று புனித தோமா அக்குவினா விளக்கினார். 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தமது தொழிலாளர் சுற்றுமடலில் இதனை எடுத்தாண்டார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இதனை வலியுறுத்தியது. ஆகவே உடைமையின் சிறப்பு பிறரை விலக்கி வைப்பதில் இல்லை. கொடுக்க இயல்வதில் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா ஏறக்குறைய ஒரு இலட்சம் நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வைத்து 1992-இல் மறைந்தார். அவை இன்று சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆய்வு நூலகத்தில் தமிழுலகுக்கே பயன்படுகின்றன. அவர் சேர்த்தவை பூட்டிட்ட மின்னூல்களாக இருந்திருப்பின், அக்கணக்கோடு அவையும் அடங்கிப் போயிருக்கும் அன்றோ?

எனினும், பூட்டு காரணமின்றித் தோன்றவில்லை. அச்சுநூலை இரவல் கொடுத்தால் அது நம் கையை விட்டு நீங்குகிறது. கோப்பு அவ்வாறன்று, நம்மிடம் இருந்துகொண்டே இருநூறு பேரிடம் பெருகுகிறது. அண்மையில் வந்த ஒரு நூலை வாட்ஸப் குழுவில் அனுப்பிவிட்டு, "நல்ல நூல்தானே, பலரும் படிக்கட்டும்" என்று சொல்வோர் நம் பங்குகளிலும் உண்டு. தன் பொருளைக் கொடுப்பதே ஈகை. எழுத்தாளரின் கூலியை எடுத்துக் கொடுப்பது ஈகையாகாது. மறுக்கப்பட்ட கூலி ஆண்டவரின் செவியை எட்டும் என்னும் யாக்கோபு திருமுகத்தின் எச்சரிக்கை, வயலில் அறுப்பவருக்கு மட்டுமன்று, மேசையில் எழுதுபவருக்கும் பொருந்தும்.

அவ்வாறாயின், தாமே வாங்கிய நூலைத் தமது மற்றொரு கருவியில் வாசிப்பதற்காகப் பூட்டைத் திறப்பவர் திருடரா? செயலின் பொருள், நோக்கம், சூழ்நிலை ஆகிய மூன்றையும் அறநெறி இறையியல் எடை போடும். நமது நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்க்கப்பட்ட 65-ஏ பிரிவும், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்கே ஈராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கிறது. வாங்கியவரே வாசிப்பதால் எழுத்தாளருக்கு ஒரு காசும் குறைவதில்லை. ஆகவே அது திருட்டன்று என்பதே நமது முடிவு. கடையின் விதிகளுக்கு உடன்பட்டோமே எனும் கேள்வி எஞ்சுகிறது. கொடுத்த வாக்கு எளியதன்று. ஆயினும், இருவர் இசைந்துவிட்டதால் மட்டுமே ஓர் ஒப்பந்தம் நீதியாகிவிடாது என்று கூலியைப் பற்றித் திருத்தந்தை சிங்கராயர் கற்பித்ததை இங்கும் நினைவிற் கொள்ளலாம்.

வாங்கிய பின் பூட்டோடு போராடுவதினும், வாங்குமுன் சிந்திப்பது நன்று. ஒருமுறை படித்து முடிக்கும் நூலுக்குக் குத்தகை போதும். அதைக் குத்தகை என்றே அறிந்து எடுப்போம். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல விரும்பும் நூலை அச்சிலோ, பூட்டில்லாக் கோப்பாகவோ வாங்குவோம். பழந்தமிழ் நூல்களை 1998 பொங்கல் முதல் மதுரைத் திட்டம் பூட்டின்றி, விலையின்றி வழங்கி வருகிறது. வாழும் எழுத்தாளருக்கு உரிய விலையைக் கொடுப்போம். நம் அலமாரியில் உள்ளவற்றுள் எத்தனை நூல்களை நாளை ஒரு மாணவனின் கையில் கொடுக்க இயலும் என்று ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்ப்பது தகும்.