ஒரு நாள் அனுமதி

ஓர் இடத்தை நேசிப்பவனுக்கு அங்கே போகும் உரிமை தானாகவே வந்துவிடுகிறதா? மங்கலதேவி பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நண்பர்கள் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். எனக்கு அது அத்தனை நிச்சயமாக இல்லை.

பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டி, தமிழ்நாடு-கேரள எல்லை மேட்டில் நிற்கும் சிதைந்த கருங்கல் கோயில் அது. செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்பது பலருடைய முடிவு. வருஷத்தில் சித்ரா பௌர்ணமியன்று மட்டும் ஜனங்களை விடுகிறார்கள். குமுளியிலிருந்து ஜீப்பில் போகலாம்; பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். நான் நடந்து ஏறினேன். ஒரு நாள் போதாது, பாதை போட வேண்டும், கோயிலைப் புதுப்பிக்க வேண்டும் என்ற பேச்சு வழிநெடுகக் கேட்டது.

இதைக் காட்டின் பெயரால் மறுப்பது சுலபம். ஆனால் எந்தக் காடு? கீழே தெரியும் தேக்கடி ஏரி, மதுரைப் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக 1895இல் முடிந்த அணையால் காடு மூழ்கி உண்டானது. செத்த மரங்களின் கட்டைகள் இன்னும் நீருக்கு மேல் நிற்கின்றன. அதைச் சுற்றித்தான் 1934இல் நெல்லிக்காம்பட்டி சரணாலயமும், 1950இல் பெரியாறு சரணாலயமும், 1978இல் புலிகள் காப்பகமும் வந்தன. அந்த ஏரியில் டிக்கெட் கொடுத்துப் படகு விடுகிறார்கள். வேடிக்கை பார்ப்பவனுக்கு வருஷம் முழுவதும், கும்பிடுபவனுக்கு ஒரு நாள். நண்பர்களின் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

ஆனால் கோபத்துக்குச் சிலப்பதிகாரத்தைச் சாட்சிக்கு அழைக்கிறார்களே, அங்கேதான் எனக்குத் தடங்கல். காப்பியத்தில் கண்ணகியை முதலில் கண்டவர்கள் குன்றவர்கள். வேங்கை நிழலில் நின்றவளைத் தெய்வம் என்று அறிந்து குரவை ஆடினார்கள். அவர்களுக்குக் கட்டடம் தேவைப்படவில்லை. கல் தேவைப்பட்டது அரசனுக்கு. அதற்காக இமயம்வரை படை நடத்தினான். பாதையும் புதுப்பித்தலும் கேட்கும் நாம், குன்றவர்களின் வாரிசுகள் என்ற பாவனையில், அரசன் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறோம்.

இந்த மலைகளின் மன்னான்களும் பளியர்களும் காட்டுக்குள்ளிருந்து குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவர்கள். இன்று அவர்களில் சிலர் கூலிக்குச் சுற்றுலாக்காரர்களைக் காட்டுத் தடங்களில் அழைத்துப்போகிறார்கள். நம்முடைய உரிமைப் பேச்சில் அவர்கள் பெயர் வருவதில்லை. அவர்களுடைய குடியிருப்பு போன விதத்தைப் பற்றி மூச்சு விடாமல், நமக்கு ஒரு நாள்தான் என்று புலம்புவதில் ஏதோ அசிங்கம் இருக்கிறது.

அந்த ஒரு நாள் எல்லையைப் போட்டவர்களுக்கு அதைப் போடும் யோக்கியதை இருக்கிறதா என்பது வேறு கேள்வி. இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் படகு விடுகிறவனைப் பார்த்து எனக்கும் கொடு என்பதைவிட, நீயும் நிறுத்து என்பது அதிக நேர்மையான கோரிக்கை. அதைச் சொல்ல, முதலில் நாம் மிச்சம் முன்னூற்று அறுபத்துநாலு நாட்கள் அங்கே போகாமலிருக்கச் சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதத்தை நேசத்தின் ஒரு பகுதியாக ஏற்க நம் மரபில் இடம் இருக்கிறதா? கோயில் நடையை இரவில் சாத்துகிறவர்கள்தானே நாம்.