வெயில் படாத இடம்: சூரிய அச்சும் இன்மை என்னும் கேள்வியும்

ஒளிபட்டால் நிறம் மாறும் தாளின்மேல் ஓர் இலையையோ பூவையோ சாவியையோ வைத்து, வெயிலில் காட்டி, பிறகு தண்ணீரில் அலசி எடுக்கும் படமே சூரிய அச்சு. இதற்குக் கேமரா வேண்டாம், லென்சு வேண்டாம், முழு இருட்டறையும் வேண்டாம். தாள், அதை அசையாமல் அழுத்திப் பிடிக்க ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு தட்டுத் தண்ணீர், நல்ல வெயில் ஆகியவை இருந்தால் போதும். அதனால்தான் பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விடுமுறை நாளில் செய்யும் கைவேலையாக இது பல நாடுகளில் நிலைத்திருக்கிறது. குழந்தை இலையைப் பொறுக்கி வருகிறது, பெரியவர் நேரம் பார்க்கிறார், அலசும்போது இருவரும் குனிந்து பார்க்கிறார்கள். நீல வெளியின் நடுவே இலை வெள்ளையாக எழுகிறது. இலை இருந்த இடத்தில் வெயில் படவில்லை. படாததால் படம் வந்தது. இல்லாத ஒன்று எப்படி ஒரு வடிவத்தை உண்டாக்கும் என்பது தத்துவத்தின் பழைய கேள்விகளில் ஒன்று. அதைக் கையில் பிடித்துப் பார்க்க இந்தத் தாளைவிட எளிய கருவி கிடைப்பது அரிது.

முதலில் தாளுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு என்ற இரண்டு உப்புகளின் கரைசலைக் கலந்து தாளில் பூசி, நிழலில் உலர்த்துவார்கள். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் படும்போது பெரிக் நிலையிலுள்ள இரும்பு ஓர் எலக்ட்ரானைப் பெற்றுப் பெரஸ் நிலைக்கு இறங்குகிறது. அந்த இரும்பு பெரிசயனைடுடன் சேர்ந்து, தண்ணீரில் கரையாத பிரஷ்யன் நீலமாகிறது. இலை மறைத்த இடத்தில் உப்புகள் பழையபடியே கரையும் நிலையில் இருக்கின்றன. அலசும்போது அவை தண்ணீரோடு போய்விடுகின்றன. எஞ்சுவது தாளின் சொந்த வெள்ளை. பொறியாளர்களும் கட்டடக் கலைஞர்களும் நெடுங்காலம் பயன்படுத்திய புளூபிரிண்ட் இதே வேதியியலின் பிள்ளைதான்.

இந்த முறையை 1842-இல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் கண்டறிந்தார். வானியலாளரான அவர் படம் பிடிக்கும் ஆசையில் இதைத் தொடங்கவில்லை. சூரிய நிறமாலையின் ஒவ்வொரு பகுதியும் பொருள்களின்மேல் என்ன செய்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அதற்கு அடுத்த ஆண்டே இந்த அச்சு முறையை ஒரு நூலாக மாற்றியவர் அன்னா அட்கின்ஸ். பிரிட்டனின் கடற்பாசிகளைச் சூரிய அச்சில் பதித்து அவர் 1843-இல் வெளியிடத் தொடங்கிய தொகுதி, ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூலாகக் கருதப்படுகிறது. அதுவும் ஒரு குடும்பத்து வேலையே. பிறந்த சிறிது காலத்திலேயே தாயை இழந்த அன்னாவை வளர்த்தவர் அவருடைய தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன். அறிவியலாளர், ஹெர்ஷலின் நண்பர். தந்தை மொழிபெயர்த்த லாமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலுக்கு அன்னா முன்பே தம் கையால் படங்கள் வரைந்திருந்தார். நுணுக்கமாக வரையத் தெரிந்தவர், கடற்பாசி என்று வந்ததும் தூரிகையை வைத்துவிட்டு வெயிலிடம் வேலையை ஒப்படைத்தார். அத்தனை நுண்ணிய இழைகளைக் கை துல்லியமாகப் பின்தொடர முடியாது என்பதே அவர் சொன்ன காரணம். நூலின் முன்னுரையின் கீழ் அவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டுமே உள்ளன.

இனி கேள்விக்கு வரலாம். இந்தியத் தருக்க மரபு இன்மையை அபாவம் என்ற பெயரில் மிகக் கவனமாக ஆராய்ந்திருக்கிறது. வைசேடிகர் தொடக்கத்தில் உலகத்தை ஆறு பதார்த்தங்களாக, அதாவது பொருள்வகைகளாக, வகுத்தார்கள். பின்வந்தோர் ஏழாவதாக அபாவத்தைச் சேர்த்தார்கள். தரையில் குடம் இல்லை என்று அறியும்போது அறியப்படுவது என்ன? பாட்ட மீமாம்சகர், இன்மையை அறியத் தனிப் பிரமாணம், அதாவது அறியும் அளவை, உண்டு என்றனர். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதை அடுக்கும் அளவைகளிலும் அபாவம் ஒன்றாக வருவதால், தமிழ் மண்ணிலும் இந்த வழக்கு பழையதுதான். நியாய மரபினரான நையாயிகர், இன்மை ஒரு மெய்யான பதார்த்தமே, அதைக் கண்ணாலேயே அறியலாம் என்றனர். பிரபாகர மீமாம்சகர் இரண்டையும் மறுத்தனர்: குடத்தின் இன்மை என்று தனியாக எதுவும் இல்லை, இருப்பது வெறும் தரை மட்டுமே.

சூரிய அச்சை இந்த மூவருக்கும் முன்னால் வைத்தால், முதல் பார்வையில் வெல்பவர் பிரபாகரரே. வெள்ளைப் பகுதியில் புதிதாக ஒன்றும் சேரவில்லை. உப்பு போனது, தாள் நின்றது. இலைக்கு முன்பும் அது தாள்தான், பின்பும் தாள்தான். வேதியியல் இந்தக் கட்சிக்குச் சாட்சி சொல்கிறது. ஆனால் வெறும் தாள் ஏன் இந்த இடத்தில் மட்டும் பெரணி இலையின் விளிம்போடு நிற்கிறது? தாளுக்கு அப்படி ஒரு விளிம்பு இயல்பாக இல்லை. இங்கேதான் நையாயிகரின் நுட்பம் உதவுகிறது. அவர்கள் கணக்கில் வெறும் இன்மை என்று ஒன்று கிடையாது. எப்போதும் இன்னதன் இன்மை, இன்ன இடத்தில் இன்மை. எது இல்லையோ அது பிரதியோகி, எங்கே இல்லையோ அது அனுயோகி. அச்சில் பிரதியோகி வெயில், அனுயோகி தாள். அந்த இன்மைக்கு எல்லை வகுத்தது இலை. ஆகவே வெள்ளை வடிவம் சூன்யத்திலிருந்து வரவில்லை. இன்மைக்குத் தன்னளவில் உருவம் இல்லை, அதற்கு உருவம் தந்தது அங்கே இருந்த ஒரு பொருள். பிரபாகரர் வெள்ளையை விளக்கிவிடுகிறார், விளிம்பை விளக்கவில்லை என்பதே நியாயமான தீர்ப்பு.

உண்மையான அச்சுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய இதழோ பாசியோ ஒளியை முழுதும் தடுப்பதில்லை. அதன் ஊடாகக் கொஞ்சம் வெயில் இறங்கி இளநீலம் படர்கிறது, நரம்புகள் வெளுத்துத் தெரிகின்றன. அட்கின்ஸின் பாசிகள் உயிருள்ளவைபோலத் தோன்றுவது இதனால்தான். ஓர் இழை இன்னொன்றின்மேல் படியும் இடத்தைக்கூட நிற வேறுபாடு காட்டுகிறது. அப்படியானால் இன்மைக்கு அளவு உண்டா, பாதி இன்மை என்று சொல்லலாமா? வேண்டியதில்லை. இளநீலம் குறைந்த இன்மையால் வரவில்லை, குறைந்த வெயிலால் வருகிறது. கூடிக் குறைவது இருப்புத்தான். இந்த வேறுபாட்டைச் சொல்லித் தருவதற்குச் செம்பருத்தி இதழ் ஒன்றும் தடித்த நாணயம் ஒன்றும் ஒரே தாளில் அடுத்தடுத்து வைக்கப்பட்டால் போதும். பத்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்.

இருள் பற்றிய வழக்கு இதோடு ஒட்டியது. இருள் ஒரு திரவியமே என்பது பாட்டர் கட்சி: அது கருமையாகத் தெரிகிறது, நிழல் நகர்கிறது, நிறமும் அசைவும் உடையது பொருளாகத்தானே இருக்க வேண்டும்? நையாயிகர் மறுத்தனர். நிறமுள்ள பொருளைக் காண வெளிச்சம் வேண்டும். இருளைக் காணவோ வெளிச்சம் இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே இருள் என்பது ஒளியின் அபாவம். 17-ஆம் நூற்றாண்டு அன்னம்பட்டர் தம் தருக்க சங்கிரகத்துக்குத் தாமே எழுதிய உரையில் இந்த விவாதத்தைச் சுருக்கித் தருகிறார். 18-ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் அந்நூலைத் தமிழாக்கினார்.

தாளில் இதைச் சோதிக்கலாம். வெயில் காயும்போதே இலையைச் சற்று நகர்த்தினால், நிழல் புதிதாகச் சென்ற இடத்தில் அதற்குள் உண்டான நீலம் அழிவதில்லை. நிழல் விலகிய இடத்தில் வெயில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. நிழல் எதையும் பூசவில்லை, எதையும் துடைக்கவில்லை. இருள் ஒரு பொருளாக இருந்தால் அது வந்து அமர்ந்த இடத்தில் ஏதேனும் செய்திருக்க வேண்டும். இந்தத் தாளைப் பொறுத்தவரை இருள் ஒளியின் இன்மையே என்ற நையாயிகர் முடிவு நிற்கிறது.

ஆணவ மலத்தை இருளோடு ஒப்பிடும் சைவ சித்தாந்தம் இதனால் தளர்ந்துவிடும் என்று எண்ணுவது அவசரம். 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவம் திருவருட்பயனில் இருண்மல நிலை என்று ஓர் அதிகாரமே வகுத்தார். அங்கே அவர் ஒப்புமையோடு வேறுபாட்டையும் சேர்த்தே சொல்கிறார். புற இருள் மற்றப் பொருள்களை மறைத்தாலும் தன்னைக் காட்டும். ஆணவம் பிறவற்றையும் மறைக்கும், தன்னையும் மறைக்கும். ஆணவம் வெறும் அறிவின்மை அன்று, உயிரைப் பற்றியுள்ள உள்பொருள் என்பது சித்தாந்தத்தின் நிலை. அது நிற்பதும் வீழ்வதும் உயிரின் அனுபவத்தைப் பற்றிய வாதங்களால்தான். பௌதிக இருளின் இயல்பால் அன்று. உவமையின் குறை கோட்பாட்டின் குறை ஆகாது.

நிழலில் இருப்பைத் தேடிய சமய மரபுகளும் உண்டு. இன்றைய ஜலாலாபாத் அருகே இருந்த நகரஹாரத்தில், புத்தர் தம் நிழலை விட்டுச் சென்றதாக நம்பப்பட்ட ஒரு குகைக்குச் சீன யாத்திரிகர் பாஹியான் 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்றார். தள்ளி நின்றால் உருவம் தெரியும், நெருங்க நெருங்க மங்கும் என்று எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த யுவான் சுவாங்கும் அங்கே வணங்கினார். உடல் போன பிறகு நிழல் தங்குவது தருக்கத்துக்கு ஒவ்வாதது. மறைக்கும் பொருள் இல்லாமல் நிழல் இல்லை. பக்தர்கள் அதை அற்புதம் என்று கொண்டதற்கும் காரணம் அதுவே. சூரிய அச்சில் அற்புதம் எதுவும் இல்லை, ஆனால் இலை போன பிறகு அதன் நிழல் தங்குகிறது. ஓவியம் பொருளைப் போல இருக்கிறது. அச்சோ அந்தப் பொருள் அங்கே, அந்தத் தாளின்மேல் கிடந்தது என்பதற்குச் சான்றாகவும் இருக்கிறது. புனிதர்களின் பாதச் சுவடுகளுக்கும் சாதாரண ஓவியத்துக்கும் பக்தி மனம் காணும் வேறுபாடு ஏறக்குறைய இதுதான்.

கடைசியாக, படம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி. காரணத்தில் முன்பே உள்ளதுதான் காரியமாகத் தோன்றும் என்பது சாங்கியமும் சைவ சித்தாந்தமும் ஏற்கும் சற்காரியவாதம். இல்லாதது புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய வைசேடிகரின் எதிர்க்கட்சி. நீலத்தைப் பொறுத்தவரை சற்காரியவாதி மகிழலாம்: இரும்பும் சயனைடும் தாளில் முன்பே இருந்தன, வெயில் அவற்றின் நிலையை மாற்றியது. இதற்கு இன்னும் வலுவான சான்று ஒன்று உண்டு. முடிந்த அச்சை நெடுநாள் கடும் வெளிச்சத்தில் வைத்தால் நீலம் வெளுக்கும்; அதே அச்சை இருட்டில், காற்றுப்படும்படி வைத்தால் நீலம் திரும்ப வரும். ஒளி இரும்பை மீண்டும் இறக்குகிறது, காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை ஏற்றுகிறது. அழிந்ததாகத் தெரிந்தது ஒடுங்கியிருந்தது. ஒடுங்கியதே மீண்டும் உளதாகும் என்ற சித்தாந்தக் கருத்துக்கு இதைவிடப் பொருத்தமான வீட்டுச் சோதனை இல்லை. ஆனால் இலையின் உருவம் தாளில் முன்பே இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. எந்த இலையை வைப்பது என்று குழந்தை முடிவு செய்யும்வரை அது எங்கும் தாளுக்குரியதாக இல்லை. நீலத்தில் சற்காரியம் நிற்கிறது. உருவத்தில் நையாயிகர் கேட்கும் நிமித்த காரணம், அதாவது தேர்ந்தெடுக்கும் ஒருவர், கட்டாயம் வேண்டியிருக்கிறார்.

வீட்டில் செய்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டியவை சில. கரைசலைக் கையாளும்போது கையுறை போடுவது நல்லது, பெரிசயனைடை வலுவான அமிலத்தோடு ஒருபோதும் சேர்க்கக் கூடாது, சிறு குழந்தைகளுக்கு முன்பே பூசி விற்கும் தாள் போதும். சோப்பும் சோடா மாவும் நீலத்தை அழித்துவிடும். பச்சைத் தண்ணீரில் மட்டும் அலச வேண்டும். சுவரில் மாட்டிய அச்சு வெளுத்தால் தூக்கி எறிய வேண்டாம். சில நாள் இருட்டான அலமாரியில் வையுங்கள், நீலம் பெரும்பாலும் திரும்பிவிடும்.