மகப்பேறின்மையும் வினைக்கொள்கையும்

மணந்து பல்லாண்டு கடந்தும் மகப்பேறு வாயாத இல்லறத்தாரை நோக்கி, "இது நும் முன்னைவினைப் பயன், பொறுத்திருமின்" என்று கூறி விடுப்பார் சைவருள்ளும் உளர். அக்கூற்றுச் சித்தாந்தத்திற்கு இயையுமோ என்பதனை ஈண்டு ஆராய்வாம்.

இன்பதுன்பங்கள் வினைவழி வருவன என்பது நம் சித்தாந்தத் துணிபே. ஆயினும், ஒருவர் எய்திய துன்பத்திற்கு இன்ன செயலே காரணமென வரையறுத்தறிதல் முற்றுணர்வுடைய இறைவனுக்கன்றிச் சிற்றுணர்வுடைய உயிர்கட்கு இயலாது. ஆகலின், வினைக்கொள்கை தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குத் துணையாவதன்றிப் பிறர் துன்பத்தைத் தூற்றுதற்குக் கருவியாவதன்று.

அற்றேல், வினைப்பயனை மருத்துவத்தால் மாற்ற முயல்வது எற்றுக்கெனின், கூறுதும். பசியும் வினைவழி வந்த உடம்பின்கண் நிகழ்வதே. அதுபற்றி உண்ணாதிருப்பார் யாவர்? கொடிமாடச் செங்குன்றூரில் அடியார்களைக் குளிர்சுரம் வருத்தியபோது, திருஞானசம்பந்தப் பிள்ளையார் வாளாவிராது திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அதனை நீக்கினார். வினையென்று சொல்லிக்கொண்டு உய்யும் வழி நாடாதிருத்தல் குறையாம் என்பதே அப்பதிகத் தொடக்கத்தில் அவர் உணர்த்திய பொருளுமாம்.

நம் சந்தான முதலாசிரியராகிய மெய்கண்டதேவர் வரலாறும் இதற்குச் சான்று. பெண்ணாகடத்து அச்சுத களப்பாளர் மகவின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரை அடைந்தார். அவர் வினை கூறி விடுத்திலர். திருமுறையிற் கயிறு சாத்தி நோக்கித் திருவெண்காட்டு வழிபாட்டிற்கு வழிகாட்டினார். அவ்வழிபாட்டின் பயனாய்த் தோன்றியவரே மெய்கண்டார். அக்குலகுருவே பின்னர் அவர்க்கு மாணாக்கராய் அருணந்தி சிவாசாரியர் எனப்பெற்றார்.

இக்கால மருத்துவமும் ஒரு வழி கண்டுளது. உடலின் புறத்தே கருவாக்கித் தாய்வயிற்றில் வைத்தலால் முதற் குழந்தை 1978ஆம் ஆண்டு இங்கிலாந்திற் பிறந்தது. வளர்ந்தோருள் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர் வாழ்நாளில் ஒருகாலேனும் இக்குறையை எய்துகின்றனர் என உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவித்தது. குறை மனைவியிடத்தும் கணவனிடத்தும் இருவரிடத்தும் இருத்தல் கூடும். இங்ஙனமாகவும், மலடி என்னும் பழிச்சொல் பெண்ணையே சார்கின்றது. வளைகாப்பிற்கும் அவளை அழையாது விடுகின்றனர். கணவனோ தன் வருத்தத்தை வாய்திறந்து சொல்லவும் நாணுகின்றான். மருத்துவத்திற் புகுந்தார் ஊசிமருந்தின் துன்பமும் பெரும்பொருட் செலவும் பொறுத்து நம்புகின்றனர். முயற்சி கைகூடாதவழி மனமுடைகின்றனர். ஒருவர்க்கொருவர் ஆறுதலாகற்பாலார், ஒருவரையொருவர் நோதலும் உண்டு. இந்நிலையில் வினையென்னும் சொல்லையும் அவர்மேல் எறிதல் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவதேயாம்.

மகவிலார்க்குக் கதியில்லை என்பாரும் உளர். மகப்பேறு இல்லறப் பேறுகளுட் சிறந்ததே. எனினும் வீடுபேற்றிற்கு அஃது இன்றியமையாததன்று. காரைக்காலம்மையார் மகவீன்றாரெனச் சேக்கிழார் கூறிற்றிலர். தாயுந் தந்தையும் இல்லாத இறைவனோ கயிலையில் அவரை அம்மையே என அழைத்தருளினான். தாய்மை வயிற்றளவில் நிற்பதன்று என்பதற்கு இதனினும் மேலான சான்று வேண்டுமோ?

ஆகலின், திருக்கோயிலினும் திருமடத்தினும் கண்ணீரோடு வந்து நிற்கும் அத்தகையோர்க்கு நாம் சொல்லற்பாலது இதுவே: மருத்துவம் நாடுக, வழிபாடு விடற்க, மகவு வாய்ப்பினும் வாயாதொழியினும், ஒருவரையொருவர் கைவிடாத நும் இல்லறம் சிவபெருமான் திருமுன் குறைவுடையதன்று.