முதல் வாகனமும் பொருள் வரைதலும்

சென்ற தை மாதம் என் பேத்திக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்தது. பழகுநர் உரிமம் பெற்று, சட்டம் விதித்த 30 நாட்கள் கழிந்த பின்னர், அதிகாரி முன்னிலையில் கார் ஓட்டிக் காட்டித் தேர்ச்சி பெற்றாள். உரிமத்தை என் கையில் வைத்து வணங்கிய அவள், "பாட்டி, எந்தக் கார் வாங்கலாம்? நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்டாள்.

காரின் சக்கரத்தைத் தொட்டும் அறியாத எழுபத்து நான்கு வயது ஆசிரியையிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று முதலில் நகைத்தேன். பின்னர் எண்ணிப் பார்த்தபோது, இயந்திரம் பற்றிய வினா இதில் கால் பங்குதான் என்பது புலப்பட்டது. எவ்வளவு போதும், எதில் சிக்கனம் தகும், எதில் தகாது, நம் வசதிக்காகப் பிறர் எதைத் தாங்க வேண்டியிருக்கிறது என்பனவெல்லாம் அறத்தின்பாற்பட்ட வினாக்கள். அவற்றுள் ஒன்றுக்குத் தவறான விடையளித்த அனுபவமும் எனக்கு உண்டு. ஆதலின் இதனை எழுதத் துணிந்தேன்.

முதலில் தேவையை ஆராய்ந்தோம். பேத்தி பணிபுரியும் ஊர் எங்கள் ஊரிலிருந்து 23 கிலோமீட்டர் தொலைவு. மாலையில் நேர்ப் பேருந்து இல்லை. இரண்டு பேருந்து மாறி வீடு சேர்வதற்குள் இருட்டிவிடும். பொழுது சாயுமுன் உண்ணும் நம் வழக்கத்தைக் கைவிட மனமில்லாமல், வாரத்தில் பாதி நாள் அவள் பட்டினியாகவே படுத்து வந்தாள். அவளுடைய தாயை மாதம் இருமுறை காஞ்சிபுரத்திற்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் வேண்டும். தேவை மெய்யானதே. வண்டி ஓடினால் சிற்றுயிர்கள் மடியும், எரிபொருள் எரியும், புகை எழும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். இல்லறத்தார்க்கு விலக்க முடியாத ஆரம்ப ஹிம்சை உண்டென்று ஆகமங்கள் ஒப்புகின்றன. ஒப்புவதாலேயே அதனைக் குறைத்துக்கொள்ளும் கடமை நம்மேல் சுமத்தப்படுகிறது.

சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், பொருள் வரைதல் என்னும் அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களை, அதாவது வழுக்களைக் கூறுகிறது. அவை அதிவாகனம், அதிசங்கிரகம், விஸ்மயம், உலோபம், அதிபாரவாகனம் என்பன. ஐந்தனுள் முதலாவதாக நிற்பது வாகனம் பற்றியதே என்பதை அன்பர்கள் கருத வேண்டும். தேவைக்கு மிஞ்சிய வாகனங்களை வைத்திருத்தல் என்று அதற்குச் சிலர் பொருள் கூறுவர். மாடு முதலியவற்றை அவற்றின் வலிமைக்கு அப்பால் ஓட்டுதல் என்பர் வேறு சிலர். மூன்றாவதாகிய விஸ்மயம், பிறருடைய செல்வத்தைக் கண்டு வியந்து மயங்குதல். இம்மயக்கம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதை என் வீட்டிலேயே கண்டேன்.

1996-ஆம் ஆண்டு என் கணவர் ஓட்டக் கற்றுக்கொண்டு முதல் காரை வாங்க எண்ணினார். நன்கு ஓடிக்கொண்டிருந்த பழைய கார் ஒன்று குறைந்த விலைக்கு வந்தது. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது. நான்தான் மறுத்தேன். உறவினர் ஒருவர் அவ்வாண்டு புதிய கார் வாங்கியிருந்தார்; கோயில் விழாவில் அதனைச் சூழ்ந்து நின்ற கூட்டத்தை நான் கண்டிருந்தேன். என் வற்புறுத்தலால் சேமநல நிதியிலும் வங்கியிலும் கடன் பெற்றுப் புதிய காரையே வாங்கினோம்.

வாங்கிய மூன்றாம் வாரம் காரின் இடப்பக்கத்தில் நீண்ட கீறல் ஒன்று காணப்பட்டது. அவ்வேளை ஐந்தாம் வகுப்பில் என்னிடம் பயின்ற சிறுவன் ஒருவன் மிதிவண்டியை உருட்டிக்கொண்டு அவ்வழியே வந்தான். எவர்மீதும் கை ஓங்கி அறியாத என் கணவர் அவன் கன்னத்தில் அறைந்தார். நான் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் சொல்லவில்லை. மாலையில் காரைத் துடைக்கும்போதுதான் கீறலில் பச்சை வண்ணம் ஒட்டியிருப்பதைக் கண்டோம். அது எங்கள் வாயிற்கதவின் வண்ணம். புதிதாக ஓட்டக் கற்றவர் காரை உள்ளே திருப்பும்போது தாமே உரசியிருக்கிறார்.

அவர் உடனே சிறுவனின் இல்லம் சென்று மன்னிப்புக் கேட்டார். நான் செல்லவில்லை. மறுநாள் வகுப்பில் அவன் தலை நிமிரவே இல்லை. நான் வழக்கம்போல் கணக்குப் பாடம் நடத்தினேன். அவரை அடிக்கச் செய்தது எது என்று பல ஆண்டுகள் எண்ணியிருக்கிறேன். தாங்க முடியாத விலையுள்ள பொருளை வாங்கியிருந்தோம். அதில் விழுந்த கீறலைத் தாங்கும் வலிமை எங்களிடம் இல்லை. அவ்விலைக்கு எங்களை இழுத்துச் சென்றது என்னுடைய வியப்பு.

எனவே பேத்திக்கு நான் கூறிய விடை இதுதான்: "கடைக்குப் போகுமுன் அளவை வரைந்துகொள். கடைக்குள் நுழைந்த பின் அளவு நம் கையில் இராது." பொருள் வரைதல் என்னும் சொல்லிலேயே இந்த முறைமை அடங்கியிருக்கிறது. பொருள் கைக்கு வருமுன்னே எல்லை வரையப்படுகிறது. ஒரு தாளை எடுத்து மூன்று அளவுகளை எழுதினோம்.

முதலாவது பொருளளவு. கையில் இருந்தது இரண்டு இலட்சம் ரூபாய். அதில் பாதி என் சேமிப்பு. அவளுடைய ஊதியத்தில் மாதம் பத்தாயிரத்திற்குமேல் தவணைக்கு ஒதுக்கல் இயலாது. விற்பனைக் கூடத்தில் எட்டு இலட்சம் ரூபாய்க் காரைக் காட்டி, "ஆறு இலட்சம் கடன், ஏழாண்டுத் தவணை, மாதம் பத்தாயிரத்திற்குள் முடித்துத் தருகிறோம்" என்றனர். கூற்று பொய்யன்று. 9 விழுக்காடு வட்டியில் மாதத் தவணை ஏறக்குறைய 9,650 ரூபாய்தான். ஆனால் 84 மாதங்களில் செலுத்தும் வட்டி மட்டும் இரண்டு இலட்சத்துப் பத்தாயிரத்தைத் தாண்டும். பழைய காருக்கு வட்டி மிகுதி. 12 விழுக்காடு என்றே கொள்வோம். மூன்று இலட்சம் கடனை மூன்றாண்டில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,960 ரூபாய். மொத்த வட்டி 59,000 ரூபாய்க்குள் அடங்கும். மாதக் கணக்கில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். முன்னது அவளுடைய ஏழாண்டு ஊதியத்தைக் கட்டிப்போடுகிறது. பின்னது மூன்றாண்டில் விடுவிக்கிறது. தவணையை மட்டும் பார்ப்பவர் காலத்தின் விலையைப் பார்க்கத் தவறுகிறார்.

2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மேற்படாத சிறு கார்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆதலின் புதிய சிறு காரும் சிலருக்கு எட்டக்கூடும். எவ்வாறாயினும் கைப்பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடலாகாது. காப்பீடு, டயர், பழுது ஆகியவற்றிற்காக 25,000 ரூபாயைத் தனியே வைத்தோம்.

இரண்டாவது உயிரளவு. இங்கே சிக்கனம் செல்லாது. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு காற்றுப்பை இல்லாத ஐந்து இந்தியச் சிறு கார்களை மோதல் ஆய்வுக்கு உட்படுத்தியது. பெரியவர் பாதுகாப்பில் ஐந்துமே ஒரு விண்மீனும் பெறவில்லை. அதன் பின்னர் விதிகள் மாறின. பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்க உதவும் ஏ.பி.எஸ். அமைப்பு 2019 ஏப்ரல் முதலும், ஓட்டுநருக்கான காற்றுப்பை அவ்வாண்டு ஜூலை முதலும், அருகில் அமர்பவருக்கான காற்றுப்பை 2022 ஜனவரி முதலும் விற்பனையாகும் எல்லாப் புதிய கார்களிலும் கட்டாயமாயின. ஆகவே பழைய காரேயாயினும் 2022-க்கு முற்பட்டது வேண்டா என்று எழுதிக்கொண்டோம். 2023 அக்டோபர் முதல் பாரத் என்கேப் என்னும் நம் நாட்டு மோதல் ஆய்வும் நடைமுறையில் உள்ளது. ஆராயப்பட்ட கார்களின் மதிப்பீட்டை எவரும் பார்க்கலாம். பெரிய திரை, கூரைச் சாளரம், பளபளக்கும் சக்கரம் ஆகியவற்றைத் துறப்பது சிக்கனம். டயரிலும் பிரேக்கிலும் மிச்சம் பிடிப்பது உலோபம்.

இவ்விடத்தில் என் மகன் ஓர் எதிர்வாதம் எழுப்பினான். "உயிரளவு என்கிறீர்களே அம்மா, அப்படியானால் இருப்பதிலேயே பெரிய, கனத்த வண்டியை அல்லவா வாங்க வேண்டும்? கடனைப் பார்த்தால் பிள்ளையின் உயிர் என்னாவது?" என்றான். தந்தையின் கவலை அது, எளிதில் தள்ளத்தக்கதன்று. கனத்த வண்டி உள்ளிருப்பவரை ஓரளவு கூடுதலாகக் காக்கும் என்பது உண்மையே. எனினும் மோதலில் கனமான வண்டி தன் வேகத்தின் சுமையை எதிரிலுள்ள இலேசானதன்மேல் இறக்குகிறது. 2022-ஆம் ஆண்டு நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். அவர்களுக்குக் காற்றுப்பை இல்லை. நம் தெருக்களில் காருக்கு வெளியே இருப்போரே மிகுதி. உள்ளிருப்பவருக்கு வேண்டிய காப்பைத் தவறாமல் பெற்றுக்கொள்வோம். அதற்கு மேலும் பெருக்கிக்கொள்ளும் கனத்திற்கு நடந்து செல்பவன் விலை கொடுக்கிறான் என்றேன். மகன் சிறிது நேரம் வாளாவிருந்து, "காற்றுப்பை இரண்டும் இருக்க வேண்டும்" என்று மட்டும் கூறினான். அது நியாயமே.

பின்னர் ஒரு சோதனை செய்தோம். பேத்தி ஐந்தடி உயரம். ஒவ்வொரு காரிலும் அவளை ஓட்டுநர் இருக்கையில் அமர்த்தி, என் கைத்தடியை முன்னும் பின்னும் நிறுத்தி, "நுனி தெரிகிறதா?" என்று கேட்டேன். கைத்தடியின் உயரம் ஏறக்குறைய மூன்று வயதுக் குழந்தையின் உயரம். உயர்ந்த பெரிய வண்டியில், தடியைப் பல அடி தள்ளி வைத்த பின்னரே அவளுக்கு நுனி தெரிந்தது. சிறிய காரில் விரைவில் தெரிந்தது. விற்பனையாளர் முதலில் சிரித்தார். பின்னர் தாமே தடியை வாங்கிப் பிடித்தார். நம் முனிவர்கள் நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி நடப்பது ஈரியா சமிதி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது. பிரமாதத்தால், அதாவது கவனமின்மையால் உயிருக்கு ஊறு செய்தலே ஹிம்சை என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. புதிய ஓட்டுநருக்குக் கண்ணுக்கு அடங்கிய வண்டியே கவனத்திற்கும் அடங்கும்.

மூன்றாவது மன அளவு. "இந்தக் காரில் முதல் மாதமே கீறல் விழுந்தால் உனக்குச் சினம் வருமா?" என்று கேட்டேன். புதிதாக ஓட்டுபவருக்குக் கீறல் விழாமல் இராது. பரிக்கிரகம் என்பது பொருளின்மேல் கொள்ளும் மயக்கமே என்பது ஆசாரியர் வாக்கு. காரைப் பார்த்து நெஞ்சு பதறுமாயின், விலை எவ்வளவாயினும் நமக்கு அது மிகுதிதான். இரவல் நகை அணிந்தவள் திருமண வீட்டில் நிம்மதியாக உண்ண மாட்டாள்.

இம்மூன்று அளவுகளுக்கும் உட்பட்டதாக, 2022-இல் தயாரான சிறு காரொன்று நாலே முக்கால் இலட்சத்திற்குக் கிடைத்தது. நமக்கு வேண்டிய மெக்கானிக்கை அழைத்துச் சென்று இயந்திரம், கிளட்ச், அடித்தட்டின் துரு ஆகியவற்றைப் பார்க்கச் செய்தோம். பதிவுச் சான்றில் பழைய கடன் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்றும் நோக்கினோம். பழைய கார் வாங்குவோர் பலர் பதிவுச் சான்றைப் பெயர் மாற்றுவதோடு அமைந்துவிடுகின்றனர். 14 நாட்களுக்குள் காப்பீட்டையும் தம் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தல் வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டைச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பதன் கருத்து, நம்மால் ஊறுபட்டவர் கைவிடப்படலாகாது என்பதே. அதனைத் தண்டச் செலவாகக் கருதுவோர் சிந்திக்க வேண்டும்.

இம்மூன்று அளவுக்கும் உட்பட்ட கார் கிடைக்காமற் போயிருந்தால் என்ன செய்திருப்போம்? இன்னும் ஓராண்டு பேருந்தில் சென்றிருப்பாள். அது எளிதன்று என்பதை அவளது பட்டினியைக் கண்ட நான் அறிவேன். எனினும் காத்திருப்பதும் ஒரு தேர்வு என்பதை இளையோர்க்குச் சொல்ல நாம் மறந்து வருகிறோம்.

வாங்கிய பன்னிரண்டாம் நாள் பேத்தி காரை உள்ளே திருப்பும்போது, அதே வாயிற்கதவில், அதே இடப்பக்கத்தை உரசினாள். இறங்கி வந்து பார்த்தாள். "பாட்டி, தாளில் எழுதிய மூன்றாவது அளவு சரிதான்" என்று கூறிவிட்டுக் கைகால் கழுவிக்கொண்டு உண்ண அமர்ந்தாள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது.

அன்றிரவு அச்சிறுவனை நினைத்துக்கொண்டேன். இப்போது அவனுக்கு நாற்பது வயது இருக்கும்; எங்கிருக்கிறானோ அறியேன். அன்று என் கணவரோடு நான் சென்றிருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டியவருள் முதல்வி நான். இவ்விதழ் அவன் கண்ணில் படாது, எனினும் கேட்கிறேன். முதல் வாகனம் வாங்கப் புறப்படும் இளையோரும் அவர்தம் பெற்றோரும், புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து அளவை எழுதிக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.